துப்பாக்கியின் வரிசை எண்ணை வைத்து அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு துப்பாக்கியில் 38412 என்று எண் பொறித்திருக்கிறது. இது எந்த வருஷத்துத் துப்பாக்கி என்று கேட்டால், அந்த எண்ணை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. செய்தது யார், எந்த மாடல், அந்தத் தொழிற்சாலை எண் போடுவதில் என்ன வழக்கம் வைத்திருந்தது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் எண்ணுக்கு அர்த்தம் வரும். சிலர் முதல் துப்பாக்கிக்கு 1 போட்டு லட்சக்கணக்கில் நீட்டிக்கொண்டே போனார்கள். சிலர் வருஷா வருஷம் மறுபடியும் 1-இல் ஆரம்பித்தார்கள். சிலர் வருஷத்தை எழுத்துகளாக மாற்றி எண்ணுக்குள்ளேயே வைத்தார்கள். சில துப்பாக்கிகளில் எண்ணுக்கும் ஆண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆண்டு வேறு மூலையில் சின்ன முத்திரையாகக் கிடக்கும்.

இணையத்தில் எண்ணைத் தட்டினால் ஆண்டைச் சொல்லும் பக்கங்கள் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் முதல் வகைக்குத்தான் உதவும். மற்ற வகைகளில் தைரியமாகத் தப்பாகச் சொல்லும்.

முதல் வேலை: காலியாக இருக்கிறதா?

எண்ணைத் தேடித் துப்பாக்கியைப் புரட்டுவதற்கு முன் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதை லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும். மேகசினைக் கழற்றி, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தண்டு) திறந்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தடவிப் பார்ப்பது வழக்கம்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி என்றால் இன்னும் கவனம் தேவை. ஐம்பது வருஷத்துக்கு முன் கெட்டித்த மருந்து அப்படியே உள்ளே இருக்கலாம். ஒரு மரக்குச்சியைக் குழல் வழியே அடிவரை மெதுவாக விட்டு, வாய்ப்பக்கம் ஓர் அடையாளம் போடுங்கள். பிறகு அதே குச்சியைக் குழலுக்கு வெளியே அதே அளவில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, மருந்துக்குத் தீப்போகும் துளை வரைக்கும் எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதற்கு மேல் தொடாமல் ஆயுத வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எண்ணைச் சரியாகப் படிப்பது

நம் ஊரில் லைசென்ஸ் புத்தகத்தில் வகையும் எண்ணும் எழுதியிருக்கும். 'டி.பி.பி.எல்.' என்றால் பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல் துப்பாக்கி, 'எஸ்.பி.எம்.எல்.' என்றால் வாய்வழி கெட்டிக்கும் ஒற்றைக்குழல். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது தரும் ரசீதிலும் அதே எண்தான் வரும். ஆனால் அந்த எண்ணை நம்பி ஆண்டு தேட வேண்டாம். எப்போதோ ஒருவர் கையால் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதி, முன்னால் இருந்த எழுத்து விட்டுப்போயிருக்கும், 3 என்பது 8 ஆகியிருக்கும். உலோகத்தில் இருப்பதை நேராகப் பாருங்கள்.

டார்ச்சை எண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகும். இன்னும் தெரியாவிட்டால் வெள்ளைச் சாக்பீஸை லேசாகத் தேய்த்து மேலே துடைத்துவிடலாம். உப்புத்தாள், கம்பி பிரஷ் பக்கமே போகக்கூடாது. இந்திய ஆயுதச் சட்டம் 1959-இன் 8-ஆம் பிரிவுப்படி அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். துருவை எடுக்கப் போய் அந்த வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, எது வரிசை எண், எது இல்லை என்று பிரிக்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரில் சிலிண்டரை வெளியே சாய்த்தால் அது தொங்கும் கையில் ஓர் எண் தெரியும். பலர் அதைத்தான் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பழைய ரிவால்வர்களில் அது தொழிற்சாலைக்குள் பாகங்களைச் சேர்த்து வைப்பதற்காகப் போட்ட எண். உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பக்கம் இருக்கும். வாய்வழி கெட்டிக்கும் பழைய ராணுவத் துப்பாக்கிகளான மஸ்கட்டுகளில், மரக்கட்டையின் பித்தளைத் தகட்டில் இருக்கும் எண், படைப்பிரிவு தன் அடுக்குக்காகப் போட்டது.

ஆண்டு போலவே தெரியும் எண்களும் ஏமாற்றும். வின்செஸ்டர் 94 ரைபிளின் குழலில் ஆகஸ்ட் 21, 1894 என்று இருந்தால் அது காப்புரிமைத் தேதி. கோல்ட் 1911 பிஸ்டலின் ஸ்லைடில் 1897, 1902, 1905 என்று வரிசையாக வருவதும் அதே கதைதான். '1911' என்பதோ மாடலின் பெயர். அந்தப் பெயரோடு 1944-இலும் பிஸ்டல்கள் வெளிவந்தன.

சரி, எண் கிடைத்துவிட்டது. இனி அதை எந்த வழக்கப்படி படிப்பது?

ஓடிக்கொண்டே போகும் எண்கள்

இதற்கு நல்ல உதாரணம் வின்செஸ்டர் 94. 1894-இல் தொடங்கி ஒரே வரிசையாகப் போனது. பத்து லட்சமாவது ரைபிளை 1927-இல் அதிபர் கூலிட்ஜுக்கும், பதினைந்து லட்சமாவதை 1948-இல் ட்ரூமனுக்கும், இருபது லட்சமாவதை 1953-இல் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டாலே ஒரு ரைபிள் எந்தக் காலத்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் நடுவில் கணக்குப் போட்டுச் சமமாகப் பிரிக்கக்கூடாது. முதல் ஐந்து லட்ச இடைவெளிக்கு 21 வருஷம், அடுத்த ஐந்து லட்சத்துக்கு 5 வருஷம்தான். 1930-களின் பொருளாதார மந்தத்தில் விற்பனை விழுந்தது, பிறகு உலகப்போரில் தொழிற்சாலை ராணுவத்துக்குப் போய்விட்டது. 12,50,000 என்ற எண்ணை 1927-க்கும் 1948-க்கும் நட்டநடுவில் வைத்து 1937 என்று சொன்னால் அது வெறும் ஊகம். வருஷவாரிப் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பட்டியலிலும் இரண்டு வகை சுற்றுகின்றன: பல காலமாகப் புத்தகங்களில் அச்சாகி வருவது ஒன்று, எண் பொறித்த தேதியைக் குறித்து வைத்த தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்தது இன்னொன்று. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. நான் தொழிற்சாலைப் பதிவின் பக்கம்தான் நிற்பேன்.

1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றியது. சேகரிப்பாளர்கள் அதற்கு முந்தையவற்றையே தேடுகிறார்கள். எண் 27 லட்சத்திலோ அதற்கு மேலோ இருந்தால் அது மாற்றத்துக்குப் பிந்தையது. வயதைப் பார்க்காமல், அந்த ஓர் எல்லையைப் பார்த்தே விலை மாறுகிறது.

விலையைவிடப் பெரிய விஷயம் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைபிளில் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் இந்த ரைபிள்கள் சில 1917 வாக்கில் சுடும்போதே உடைந்து சிதறின. விசாரித்ததில், ரிசீவரை (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுப்பகுதி) காய்ச்சும்போது வெப்பத்தை அளக்கக் கருவி வைக்காமல், இரும்பு சிவக்கும் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வேலை செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வெயில் அடிக்கும் நாளில் அதே நிறம் மங்கலாகத் தெரியும். தொழிலாளி இன்னும் கொஞ்சம் காய்ச்சுவார். எஃகு எரிந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். 1918-இல் முறையை மாற்றினார்கள். எந்த ரைபிள் பழையது, எது புதியது என்பதற்கு எல்லைக்கோடாக நின்றது வரிசை எண்தான்: ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் 8,00,000-க்குக் கீழே, ராக் ஐலண்ட் தொழிற்சாலையில் 2,85,507-க்குக் கீழே இருந்தால் சுட வேண்டாம் என்பதே இன்றும் சொல்லப்படும் எச்சரிக்கை. ஒரே மாடல்தான், ஆனால் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை எல்லை வேறு. மூன்று லட்சம் என்ற எண் ராக் ஐலண்டில் நல்ல ரைபிள், ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபத்தான ரைபிள்.

வருஷா வருஷம் திரும்பத் தொடங்கும் எண்கள்

ஜெர்மன் ராணுவத் துப்பாக்கிகளில் எண் ஒவ்வோர் ஆண்டும் 1-இல் தொடங்கும். 10,000 வரை வெறும் எண். அதன் பிறகு மறுபடி 1-இல் ஆரம்பித்து, கீழே சின்ன எழுத்தில் 'ஏ' சேர்ப்பார்கள். அது முடிந்தால் 'பி'. ஆக ஒரு மவுசர் ரைபிளில் 4521, அதன் கீழே 'பி' என்று இருந்தால், அந்தத் தொழிற்சாலையில் அந்த வருஷம் செய்த 24,521-ஆவது ரைபிள் என்று பொருள். எந்த வருஷம் என்பது அந்த எண்ணில் கிடையாது. அதே எண்ணும் எழுத்தும் கொண்ட ரைபிள் 1938-இலும் இருக்கும், 1941-இலும் இருக்கும்.

ஆண்டை ரிசீவரின் மேல்வளையத்தில் பார்க்க வேண்டும். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் ஆயுதங்களைக் கட்டுப்படுத்திய வெர்சாய் ஒப்பந்தத்தை மீறி ரகசியமாக ஆயுதம் செய்த காலத்தில் ஆண்டையும் மறைத்தார்கள்: 'கே' என்றால் 1934, 'ஜி' என்றால் 1935. பிறகு முழு ஆண்டையே போட்டார்கள். போர்க்காலத்தில் கடைசி இரண்டு இலக்கம் போதும் என்று விட்டுவிட்டார்கள். தொழிற்சாலைப் பெயருக்கும் சங்கேதம் உண்டு. மவுசரின் ஓபன்டார்ஃப் ஆலை முதலில் 'எஸ்/42', பிறகு '42', அப்புறம் 'பி.ஒய்.எஃப்.' என்று மாறியது, 'பி.என்.இசட்.' என்றால் ஆஸ்திரியாவின் ஸ்டெயர்.

பிரிட்டிஷ் லீ என்ஃபீல்ட் ரைபிளுக்கும் இதே மனநிலைதான்: நான்கு இலக்க எண், முன்னால் ஓர் எழுத்து. நம்மில் பலர் பழைய போலீஸ்காரர்களின் தோளில் பார்த்த .303 இதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு அதிகாரபூர்வமாக விடை கொடுத்தது. இந்த ரைபிளில் எண்ணோடு மல்லுக்கட்டவே தேவையில்லை. மார்க் 3 ரகத்தில் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தின் வலப்பக்கத்தைப் பாருங்கள். மேலே கிரீடம், அதன் கீழே மன்னரின் எழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு, கடைசியில் ரகம் என்று மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும். ஆலைப் பெயர் என்ஃபீல்ட் என்றோ, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. என்றோ, ஆஸ்திரேலியாவின் லித்கோ என்றோ, மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் என்றோ இருக்கலாம். ஈசாப்பூர் ரைபிளில் மன்னரின் எழுத்து 'ஜி.ஆர்.ஐ.' என்று மூன்றாக இருக்கும். கடைசி எழுத்து அவர் இந்தியாவின் பேரரசர் என்பதைக் குறிக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஈசாப்பூர் முத்திரையில் கிரீடம் போய் அசோகச் சின்னம் வந்தது. 1960-களில் அங்கே 7.62 மி.மீ. தோட்டாவுக்காக 2ஏ, 2ஏ1 என்று புதிய ரைபிள்கள் செய்தார்கள். அதே வளையத்தில் 'ஆர்.எஃப்.ஐ.' என்ற எழுத்தும் 1967 போன்ற முழு ஆண்டும் தெளிவாக இருக்கும். இவை பழைய .303-ஐ மாற்றியமைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, புதிதாகவே செய்தவை.

எண்ணுக்கு இங்கே வேறொரு வேலை உண்டு. ரிசீவரில் இருக்கும் எண் போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் போல்ட் வேறு ரைபிளிலிருந்து வந்தது.

எண்ணுக்குள் ஒளிந்த எழுத்துகள்

பிரவுனிங் 1970-களின் நடுவிலிருந்து ஆண்டை இரண்டு எழுத்தாகச் சேர்த்தது. இசட் 1, ஒய் 2, எக்ஸ் 3, டபிள்யூ 4, வி 5, டி (T) 6, ஆர் 7, பி (P) 8, என் 9, எம் 0. எண்ணின் நடுவில் 'ஆர் என்' வந்தால் 1979, 'பி வி' வந்தால் 1985. அதற்கு முந்தைய ஹை பவர் பிஸ்டல்களில் இன்னும் சுலபம்: '69 சி' என்று தொடங்கினால் 1969.

இந்தக் கம்பெனியில் ஆண்டு தெரிவதால் ஒரு நேரடிப் பயன் உண்டு. 1960-களின் பிற்பகுதியிலிருந்து 70-களின் தொடக்கம் வரை கட்டைக்கான வால்நட் மரத்தைச் சீக்கிரம் உலர்த்த உப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த உப்பு கட்டைக்கும் இரும்புக்கும் இடையே மெல்லத் துருவை வளர்த்தது. அந்தக் காலத்துப் பிரவுனிங் என்று எண் சொன்னால், கட்டையைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

ரெமிங்டனில் ரிசீவரை ஒட்டிக் குழலின் இடப்பக்கம் சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து மாதம். அதற்கு 'பிளாக்பவுடர்' என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்: அதன் பதினோரு எழுத்துகள் ஜனவரி முதல் நவம்பர் வரை, டிசம்பருக்கு மட்டும் தனியாக 'எக்ஸ்'. அடுத்த எழுத்து ஆண்டு, அதற்குப் பட்டியல் பார்க்க வேண்டும். ஆனால் இது குழலின் தேதி. ரெமிங்டன் 870 மாதிரித் துப்பாக்கிகளில் குழலை மாற்றுவது இரண்டு நிமிட வேலை என்பதால், மற்ற பாகங்களும் அதே காலத்தவை என்று இதை வைத்து உறுதி சொல்ல முடியாது.

ஜப்பானின் நம்பு பிஸ்டல் ஒரு தனி வேடிக்கை. '14-ஆம் வகை' என்ற பெயர் தைஷோ மன்னர் ஆட்சியின் 14-ஆம் ஆண்டிலிருந்து, அதாவது 1925-இலிருந்து வந்தது. ஆனால் செய்த தேதி அடுத்து வந்த ஷோவா ஆட்சியின் கணக்கில் பொறித்திருக்கும். வலப்பக்கம் ஷோவாவைக் குறிக்கும் எழுத்தும் 15.3 என்ற எண்ணும் இருந்தால், 15-உடன் 1925-ஐக் கூட்டுங்கள்: 1940 மார்ச்.

வரிசை எண் கைவிடும்போது: சோதனை முத்திரைகள்

நம் ஊர் வீடுகளில் இருக்கும் பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல்களுக்கு இதுதான் சரியான வழி. பர்மிங்ஹாமில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இருந்தன. பலரின் கணக்குப் புத்தகங்கள் இன்று இல்லை. ஆனால் எந்தப் பட்டறைத் துப்பாக்கியானாலும் விற்பதற்கு முன் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து முத்திரை வாங்கியாக வேண்டும். முத்திரைகள் குழல்களின் தட்டையான அடிப்பகுதியில் இருக்கும். துப்பாக்கியை மடித்துக் குழலைக் கழற்றினால் தெரியும்.

பர்மிங்ஹாம் 1921-இல் 'ஏ' என்று தொடங்கி ஆண்டுக்கு ஓர் எழுத்து போட்டது. 1950-இல் முத்திரையின் வடிவத்தை மாற்றி மறுபடி 'ஏ'-யில் தொடங்கியது. எழுத்து தேய்ந்துபோனாலும் விதிகள் மாறிய ஆண்டுகளே உதவும். குழலில் எத்தனை அவுன்ஸ் ஈயக்குண்டு தாங்கும் என்று எழுதியிருந்தால் 1954-க்கு முந்தைய விதி. ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று அழுத்தம் எழுதியிருந்தால் 1954-க்குப் பிறகு.

மற்ற நாடுகள் சுருக்கமாக: பெல்ஜியத்தின் லியேஜ் 1922-இல் சின்ன 'ஏ'-யில் ஆரம்பித்தது. இத்தாலி ரோமன் எண்களைப் பயன்படுத்தி 1974-இல் 30 வரை வந்து, 1975-இல் 'ஏ ஏ' என்று எழுத்துக்கு மாறியது. மேற்கு ஜெர்மனியில் 'ஏ' 0, 'பி' 1 என்று 'கே' 9 வரை, நடுவில் 'ஜே' கிடையாது; மான்கொம்பு முத்திரையோடு 'எச் சி' என்று இருந்தால் உல்ம் நகரில் 1972-இல் சோதித்தது.

ஒரு துப்பாக்கியை மறுபடி சோதனைக்கு அனுப்பினால் புது முத்திரையும் சேரும். இரண்டு காலத்து முத்திரைகள் இருந்தால் பழையதுதான் பிறப்புக்குப் பக்கத்தில்.

வரிசை எண்ணே வழக்கத்துக்கு வராத காலத்து மஸ்கட்டுகளுக்கும் முத்திரைதான் வழி. கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகளில் விசைத்தகட்டைப் பாருங்கள்: நான்காகப் பிரித்த இதய வடிவமும் ஆண்டும் இருந்தால் சுமார் 1808 வரையிலான காலம், பின்னங்காலில் நிற்கும் சிங்கம் இருந்தால் அதற்குப் பிந்தையது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனி காலத்து ஆயுதங்களைப் பார்க்கும்போது, அறிவிப்புப் பலகையைப் படிக்கும் முன் இதைத் தேடிப் பாருங்கள்.

எந்தத் தேதி?

செய்த தேதி, பழுதுபார்த்த தேதி, ஆலையிலிருந்து அனுப்பிய தேதி எல்லாம் வேறு வேறு. லீ என்ஃபீல்டில் 'எஃப்.டி.ஆர்.' என்ற எழுத்தோடு 1953 என்று இருந்தால் அந்த ஆண்டு ஆலையில் முழுப் பழுதுபார்ப்பு நடந்தது. லூகர் பிஸ்டலில் 1917-க்கு மேல் 1920 என்று இருந்தால், 1920 என்பது போருக்குப் பிறகு ஜெர்மன் அரசு தன் சொத்து என்று காட்டப் போட்டது.

ஃபின்லாந்துக்காரர்கள் ரஷ்ய ரைபிள்களின் பழைய ரிசீவர்களை எடுத்து, 1940-களில் புதுக் குழல், புதுக் கட்டை போட்டு எம்39 ரைபிள்களைச் செய்தார்கள். குழலில் 1941 என்று இருக்கும். கட்டையைக் கழற்றினால் ரிசீவரின் வாலில் 1890-களின் ஆண்டு இருக்கலாம். அமெரிக்கச் சட்டம் 1898-இலோ அதற்கு முன்போ செய்ததைப் பழம்பொருள் என்று விட்டுவிடுகிறது. ரிசீவரின் வயதைத்தான் கணக்கில் எடுக்கிறது. அதனால் இரண்டாம் உலகப்போரில் சுட்ட ரைபிள் அங்கே சட்டப்படி பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாகிவிடுகிறது!

பட்டியல்களில் தீராத சந்தேகத்துக்கு ஆவணக் கடிதம் வாங்கலாம். கோல்ட் கம்பெனி தன் பதிவேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குக் கடிதம் தருகிறது. வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோல்ட் கடிதத்தில் வருவது பெரும்பாலும் அனுப்பிய தேதி. ஸ்மித் அண்ட் வெஸனில் எண் வரிசைப்படி அனுப்பும் வழக்கமே இல்லை; முன்னால் எண் போட்ட ரிவால்வர் பெட்டகத்தில் கிடந்து, பின்னால் எண் போட்டது முதலில் கடைக்குப் போயிருக்கும்.

கடைசியாகக் குறித்து வைப்பது. ஆண்டை மட்டும் எழுதாமல், அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: 'ஈசாப்பூர் 2ஏ1; கட்டை வளையத்தில் 1967; போல்ட் எண் ரிசீவர் எண்ணோடு ஒத்துப்போகிறது' என்ற மாதிரி. ஆண்டு உறுதியாகக் கிடைக்காத இடத்தில் '1925-க்கும் 1954-க்கும் இடையில், முத்திரைப்படி' என்று எழுதினால் போதும். படம் எடுத்து யாரிடமாவது கேட்பதாக இருந்தால் எண்ணின் கடைசி இரண்டு மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள். ஆண்டு சொல்ல அவை பெரும்பாலும் தேவைப்படாது. உங்கள் எண்ணை இன்னொருவர் தவறாகப் பயன்படுத்த அவை தேவைப்படும்.